மாலைக்கு முன் விதைநெல்

ஐஸ்லாந்தும் கடலூரும் சொல்லித் தரும் பாடம் ஒன்றுதான். செஞ்சிச் சீமையின் பிள்ளைகளுக்கு அது எப்போது வந்து சேரும்?

தை அறுவடை முடிந்து வெயில் ஏறத் தொடங்கினால் சீயமங்கலம் பக்கத்து ஏரிகளில் தண்ணீர் உள்வாங்கும். காய்ந்த தரையில் முதலில் இறங்குவது மாடுகள். அடுத்து பிள்ளைகள். மூன்று குச்சியை நட்டால் கிரிக்கெட். நாலு செருப்பை எதிரும் புதிருமாக வைத்தால் ஃபுட்பால். அடுத்த மழைக்கு ஏரி நிரம்பும்வரை அதுதான் அவர்களுடைய ஸ்டேடியம். ஏரிக்கரைதான் கேலரி. அந்த கேலரியில் உட்கார்ந்து பார்க்கிற பெரியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால், இந்தக் கட்டுரை எதைப் பற்றியது என்பது விளங்கிவிடும்.

சீயம் என்றால் சிங்கம். ஏரியை ஒட்டிய பாறையில், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த அவனிபாஜன பல்லவேசுவரம் இருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு அது தூணாண்டார் கோயில். முகப்பில் சிங்கங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. உளி தேயத் தேயப் பாறையைக் குடைந்த கல்தச்சர்களுக்கு, வேலை முடியும்வரை யாரோ சோறும் கூலியும் கொடுத்திருக்கிறார்கள். கோயில் நன்றாக வந்தால் பிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருந்தால் அந்தச் சிங்கங்கள் பாறைக்குள்ளேயே கிடந்திருக்கும்.

அங்கிருந்து தெற்கே வந்தால் செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகளை வளைத்து நிற்கும் கோட்டை, 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. மராட்டியர்களின் 12 கோட்டைகளை ஒன்றாகச் சேர்த்துத் தந்த அந்தப் பெருமையில் மராட்டிய மாநிலத்துக்கு வெளியே இருக்கும் ஒரே கோட்டை இது. வருகிறவர்கள் கல்யாண மகாலின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, மூச்சு வாங்க ராஜகிரி ஏறிவிட்டு இறங்கிவிடுவார்கள். அடிவாரத்தில் இரண்டு கட்டடங்களை நின்று பார்க்கச் சொல்வேன். ஒன்று நெற்களஞ்சியம். மற்றொன்று உடற்பயிற்சிக் கூடம்.

செஞ்சியை ஆண்டவர்களுக்கு ஒன்று தெரிந்திருந்தது. பஞ்சம் வந்த பிறகு நெல் சேர்க்க முடியாது. எதிரி வாசலுக்கு வந்த பிறகு வீரனுக்கு உடம்பு ஏற்ற முடியாது. இரண்டுமே முன்கூட்டிச் செய்கிற வேலை. விளையாட்டுக்கு நாம் தரும் ஆதரவில் விடுபட்டுப்போனது இந்த முன்கூட்டிச் செய்கிற வேலைதான்.

செஞ்சி ஒரு நாடாக இருந்தால்

நாயக்கர் காலத்தில் செஞ்சி தனி அரசாக இருந்தது. இன்றும் அப்படி ஒரு நாடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். இன்றைய விழுப்புரம் மாவட்டத்தையும் திருவண்ணாமலை மாவட்டத்தையும் சேர்த்தால் 2011 கணக்கெடுப்பின்படி 45 லட்சம் பேர். 1930-லும் 1950-லும் ஃபுட்பால் உலகக் கோப்பையை வென்ற உருகுவேயின் இன்றைய மக்கள் தொகை சுமார் 35 லட்சம். 2018-ல் இறுதியாட்டம் வரை வந்து, 2022-ல் மூன்றாம் இடம் பிடித்த குரோவேஷியாவில் 40 லட்சம் பேர்கூட இல்லை. தலைகளை எண்ணினால் நம் இரண்டு மாவட்டங்களே அவர்களைவிடப் பெரிய நாடு.

2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றவர்களில் இரண்டு தீவு நாடுகள் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தன. 2025 அக்டோபரில் எஸ்வாத்தினியை 3-0 என்று வென்று உள்ளே நுழைந்தது கேப் வெர்டே. மக்கள் தொகை ஐந்து லட்சத்துக்குச் சற்று மேல். அடுத்த மாதமே ஜமைக்காவுடன் கோலின்றி டிரா செய்து இடம் பிடித்தது குராசாவ்; சுமார் ஒன்றரை லட்சம் பேர். உலகக் கோப்பை வரலாற்றிலேயே இவ்வளவு சின்ன நாடு அதற்கு முன் தகுதி பெற்றதில்லை. ஆனால் இந்த இரண்டு தீவுகளும் வெளிநாடுகளில் குடியேறியவர்களின் பிள்ளைகளைத் தேடித் தேடிச் சேர்த்தன. டப்ளினில் பிறந்த ரொபெர்டோ லோப்பேஸை கேப் வெர்டே அழைத்தது லிங்க்ட்இன் தளத்தில் அனுப்பிய செய்தி மூலம்.

செஞ்சிக்கு அந்த வழி உதவாது. சொந்த மண்ணில் விதைத்து அறுத்த நாடு என்றால் ஐஸ்லாந்தைத்தான் பார்க்க வேண்டும்.

பல் மருத்துவரும் பனி தேசமும்

ஐஸ்லாந்தில் நான்கு லட்சம் பேர்கூட இல்லை. ஆண்டில் பாதி நாள் பனியும் இருட்டும். திறந்த மைதானத்தில் ஆட வழியில்லை. 2000-ஆம் ஆண்டிலிருந்து அங்குள்ள நகராட்சிகள் முழு மைதானத்தையே உள்ளே அடக்கும் கூரையிட்ட அரங்குகளைக் கட்டத் தொடங்கின. அடுத்து, பள்ளிக்கூடங்களை ஒட்டி நூற்றுக்கும் மேற்பட்ட சிறு செயற்கைப் புல் களங்கள் வந்தன. மூன்றாவதாகச் செய்ததுதான் எல்லாவற்றிலும் பெரிது. முறையாகப் படித்துச் சான்றிதழ் வாங்கிய, சம்பளம் பெறும் பயிற்சியாளர்களை ஆறு வயதுப் பிள்ளைகளிடமே அனுப்பினார்கள். ரெய்க்யாவிக் நகரம் ஒவ்வொரு பிள்ளைக்கும் விளையாட்டு, இசை போன்ற பயிற்சிகளுக்காக ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்குகிறது. நட்சத்திரம் யார் என்று தேடி அந்தத் தொகையைக் கொடுப்பதில்லை. எல்லாப் பிள்ளைக்கும் கொடுக்கிறார்கள்; நட்சத்திரம் தானாக வெளியே வருகிறது.

2016 ஜூன் 27 அன்று, பிரான்சின் நீஸ் நகரில், யூரோ கோப்பையில் அந்த நாடு இங்கிலாந்தை 2-1 என்று வென்றது. பயிற்சியாளர்களில் ஒருவரான ஹெய்மிர் ஹால்கிரிம்சன் தொழிலால் பல் மருத்துவர். உள்நாட்டில் ஆட்டம் நடக்கும் நாட்களில் ரசிகர்கள் கூடும் இடத்துக்கே நேரில் போய், இன்று யார் யார் ஆடப்போகிறார்கள், என்ன உத்தி என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவார். கேட்டவர்கள் அதை வெளியே விடவில்லை. அணி தங்களுடையது என்ற நம்பிக்கை இரு பக்கமும் இருந்ததால் அது நடந்தது.

அடுத்த ஆட்டத்தில் பிரான்சிடம் 5-2 என்று தோற்று ஊர் திரும்பினார்கள். தோற்று வந்தவர்களை வரவேற்க ரெய்க்யாவிக்கில் கடல்போல் கூட்டம் திரண்டு, கைகளை உயர்த்தி ஒரே தாளத்தில் தட்டியது. இரண்டே ஆண்டுகளில் அதே நாடு உலகக் கோப்பையில் ஆடியது. அர்ஜென்டினாவுடன் 1-1 டிரா ஆன அந்த ஆட்டத்தில் மெஸ்ஸியின் பெனால்டியைத் தடுத்த கோல்கீப்பர் ஹான்னெஸ் ஹால்டோர்சன், படம் இயக்குவதையும் தொழிலாகக் கொண்டவர்.

உருகுவேயில் இந்த விதைப்புக்கு வேறு முகம். ஆறு முதல் பதிமூன்று வயதுவரையுள்ள பிள்ளைகளின் ஆட்டத்துக்கு அங்கே 'பேபி ஃபுட்பால்' என்று பெயர். தெருவுக்குத் தெரு சிறு கிளப்புகள். நடத்துகிறவர்கள் பெரும்பாலும் பெற்றோர்களே. சட்டை துவைப்பதும் களத்துக்குக் கோடு போடுவதும் அவர்கள் வேலை. கூரை போட்ட அரங்கம் இல்லாத ஊருக்கும் அந்த வழி திறந்திருக்கிறது.

கடலூரில் நடந்தது

அவ்வளவு தூரம் போவானேன்? செஞ்சியில் பஸ் ஏறினால் சில மணி நேரத்தில் கடலூர்.

அங்கே பயிற்சியாளர் எஸ்.மாரியப்பன் பெண் பிள்ளைகளுக்கு ஃபுட்பால் கற்றுக்கொடுத்தார். இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்வி அகாடமி அப்படித்தான் வளர்ந்தது. 2004 சுனாமி புரட்டிப்போட்ட கரை அது. இழப்போடு வந்த பிள்ளைகளும், வீட்டில் வசதி இல்லாத பிள்ளைகளும் அந்தப் பந்தைச் சுற்றிக் கூடினார்கள். கூலி வேலை செய்கிற குடும்பங்களின் பெண்கள், காலையில் ஓடி, பள்ளிக்கூடம் போய், மாலையில் மறுபடியும் ஓடினார்கள். பரிசும் கேமராவும் எட்டிப் பார்க்காத ஆண்டுகள் அவை.

2018 பிப்ரவரியில் கட்டாக் நகரில் சீனியர் தேசிய மகளிர் ஃபுட்பால் இறுதியாட்டம் நடந்தது. எதிரில், அந்தப் பட்டத்தைத் தன் வீட்டுச் சொத்துபோல் வைத்திருந்த மணிப்பூர். தமிழ்நாடு 2-1 என்று வென்று முதல் முறையாகச் சாம்பியன் ஆனது. 2023 ஜூனில் அமிர்தசரசில் ஹரியானாவை அதே 2-1 கணக்கில் வென்று இரண்டாம் முறையும் கோப்பையை எடுத்துவந்தது. இந்த ஆண்டுகளின் தமிழ்நாட்டு அணிகளில் கடலூரில் ஆடக் கற்ற பெண்கள் பலர்.

இந்துமதி கதிரேசன் அவர்களில் ஒருவர். இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடினார்; தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர் ஆனார். 2020 ஊரடங்கில் ஊரே வீட்டுக்குள் இருந்தபோது, காக்கிச் சட்டையில் சென்னைச் சாலையில் நின்று கடமை செய்தார். சந்தியா ரங்கநாதன் அரசு விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டே இந்தியச் சட்டை அணியும் இடத்துக்கு வந்தவர். மதுரையின் சேது எஃப்.சி. 2018-19 இந்திய மகளிர் லீக் பட்டத்தை வென்றபோது, மகளிர் ஃபுட்பால் என்றால் மணிப்பூர்தான் என்றிருந்த நாட்டில் தமிழ்நாட்டின் பெயரும் சேர்ந்தது. 2025 ஜூலையில் இந்தியப் பெண்கள் தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என்று வென்று, தகுதிச் சுற்றின் வழியாக முதல் முறையாக ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தார்கள். அதே தகுதிச் சுற்றில் ஈராக்கை 5-0 என்று வென்றபோது விழுந்த கோல்களில் ஒன்று தமிழ்நாட்டின் கார்த்திகா அங்கமுத்து அடித்தது.

சென்னை வியாசர்பாடியும் இதே கதையைத்தான் சொல்கிறது. 1997-ல் அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய ஓர் அமைப்பு, ஃபுட்பாலையும் படிப்பையும் சேர்த்தே கொடுத்தது. இந்திய அணி வரை போன தனபால் கணேஷ் அந்தத் தெருக்களிலிருந்து வந்தவர். கடலூருக்கும் வியாசர்பாடிக்கும் பொதுவாக இருப்பது ஒன்று: தினமும் மாலையில் மைதானத்துக்கு வந்துவிடும் ஒரு மனிதர். மழை பெய்தாலும், அணி தோற்றாலும், பணம் வராவிட்டாலும் வந்துவிடும் மனிதர்.

பணம் எப்போது வருகிறது?

தமிழ்நாட்டில் வெற்றிக்குப் பரிசு கொடுக்கும் கை இப்போது நீண்டிருக்கிறது. அதை மனமாரப் பாராட்ட வேண்டும். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் வெள்ளி வென்ற துளசிமதி முருகேசனுக்கு 2 கோடி ரூபாய். வெண்கலம் வென்ற மாரியப்பன் தங்கவேலு, மனிஷா ராமதாஸ், நித்யஸ்ரீ சிவன் மூவருக்கும் தலா 1 கோடி. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கம் வென்ற அணிகளிலிருந்த கண்ணகி நகர் கார்த்திகாவுக்கும் திருவாரூர் மாவட்டத்து அபினேஷுக்கும் தலா 25 லட்சம். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பணம் கூரை. அந்த வேலை முதுகெலும்பு.

ஆனாலும் இவை அறுவடைக்குப் பிறகு போடும் மாலைகள். பதினைந்து வயதில் ஸ்டட்ஸ் ஷூ வாங்க முடியாமல் நின்றுபோன பிள்ளைக்கும், குறுவட்டப் போட்டியில் வென்றும் மாவட்டப் போட்டிக்கு அழைத்துப்போக ஆளில்லாத பிள்ளைக்கும் மாலை போட முடியாது. அவர்கள் பெயரே நமக்குத் தெரியாது. இந்தப் பக்கத்து விவசாயி எவரிடமும் கேட்டுப் பாருங்கள். மல்லாட்டை விளைந்து மூட்டை செஞ்சி விற்பனைக் கூடத்துக்குப் போன பிறகு கிடைக்கும் விலை ஒன்று. ஆடியில் விதைக்கக் கையில் இருக்க வேண்டிய பணம் வேறு. முன்னது இல்லாவிட்டால் கஷ்டம். பின்னது இல்லாவிட்டால் வெள்ளாமையே கிடையாது.

விதைப்புக்கான பொருள்களில் பலவற்றை அரசு ஏற்கெனவே தந்திருக்கிறது. 2024-ல் தொடங்கிய கலைஞர் ஸ்போர்ட்ஸ் கிட் திட்டம், 12,525 ஊராட்சிகளுக்கு 33 வகை விளையாட்டுப் பொருள்களைக் கொண்டுசெல்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச பஸ் பாஸ் உண்டு. 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. தொடக்கப் பள்ளியில் காலை உணவு, மதியச் சத்துணவில் முட்டை. முதலமைச்சர் கோப்பை ஆண்டுதோறும் நடக்கிறது. பந்து இருக்கிறது, சோறு இருக்கிறது, பஸ் இருக்கிறது, போட்டியும் இருக்கிறது.

குறைவது, அந்தப் பையைத் திறந்து பந்தை எடுத்துக் காலால் எப்படித் தொட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கும் ஆள். பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர் இருக்கிறார். ஒரே ஆள் நூற்றுக்கணக்கான பிள்ளைகளையும் பத்து விளையாட்டுகளையும் பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் பி.டி. பீரியடைக் கணக்குப் பாடம் எடுத்துக்கொள்கிறது. விளையாட்டு வகுப்பைக் கடன் வாங்காதீர்கள் என்று 2023-ல் விளையாட்டுத் துறை அமைச்சரே ஆசிரியர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது என்றால் பழக்கம் எவ்வளவு ஆழம் என்று பாருங்கள்.

பெண் பிள்ளை மைதானத்தை விட்டுப் போகும் வயது

இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் ஏழாம் வகுப்புவரை பெண் பிள்ளைகள் பையன்களோடு சரிசமமாக ஓடுவார்கள். எட்டு, ஒன்பது வந்ததும் ஒவ்வொருவராகக் காணாமல் போவார்கள். கால் வலியோ ஆர்வக் குறைவோ காரணமாக இருப்பது அரிது. "வயசுக்கு வந்த புள்ள அரை டிராயர் போட்டுக்கினு ஓடுறதா?" என்று திண்ணையில் யாரோ ஒருவர் கேட்பார். அந்தக் கேள்வி அன்று ராத்திரியே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். மைதானத்தில் கழிப்பறை இல்லை. உடை மாற்ற மறைவிடம் இல்லை. பயிற்சி முடியும்போது இருட்டிவிடும். கடைசி டவுன் பஸ் போய்விட்டிருக்கும்.

இதில் ஒன்றுக்காவது கோடிகள் வேண்டுமா? ஒரு கழிப்பறை, நாலு விளக்கு, பிள்ளைகளோடு வீடுவரை நடந்துவரும் ஒரு அத்தையோ சித்தியோ போதும். கடலூர்ப் பெண்களை இந்தியச் சட்டைவரை கொண்டுபோனதில் பயிற்சியாளருக்கு ஒரு பங்கு என்றால், மகளை மைதானத்துக்கு அனுப்பிய தாய்மார்களுக்கு மற்றொரு பங்கு. திண்ணைப் பேச்சைக் கேட்டும் கேட்காததுபோல் இருந்துவிட்டதே அவர்கள் தந்த பெரிய ஆதரவு.

வீட்டுக்குப் பத்து ரூபாய்

கூடிச் செலவு செய்யத் தெரியாதவர்கள் அல்ல நாம். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் மொய் நோட்டு போடுகிறோம். கூழ் ஊற்றும் திருவிழாவுக்கு வீட்டு வரி என்று வசூலித்து, ஒரு ரூபாய் பிசகாமல் கணக்கு வாசிக்கிறோம். பொங்கலுக்குக் கபடிப் போட்டி நடத்தி, முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று கொடுப்பவர்களின் பெயரை நோட்டீசில் அச்சடிக்கிறோம். அந்தப் பழக்கத்தையே விதைப்புக்குத் திருப்ப முடியும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பயிற்சி பெற்ற ஓர் இளைஞருக்கோ இளம்பெண்ணுக்கோ மாதம் 20,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துப் பக்கத்து ஊர்கள் ஐந்து சேர்ந்தால் ஊருக்கு 4,000. ஊரில் 400 வீடு என்றால் வீட்டுக்கு மாதம் பத்து ரூபாய். கடைத்தெருவில் ஒரு டீக்குக்கூட அது இன்று போதாது. திங்கள் முதல் வெள்ளிவரை நாளுக்கு ஓர் ஊர். சனிக்கிழமை ஐந்து ஊர்ப் பிள்ளைகளும் ஒரே இடத்தில் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். வாரா வாரம் ஆட்டம் என்பதுதான் இதில் உயிர்நாடி. ஆண்டுக்கு ஒரு குறுவட்டப் போட்டி ஆடும் பிள்ளை, முதல் சுற்றில் தோற்றால் அந்த ஆண்டு முழுக்க ஆடியது ஒரே ஒரு ஆட்டம். ஐம்பது ஞாயிறு ஆடும் பிள்ளைக்குத் தோல்வியும் பழகும், ஆட்டமும் வரும்.

ஊர் பத்து ரூபாய் போட முன்வந்தால், அரசிடமும் உரிமையோடு கேட்கலாம். ஒவ்வொரு ஒன்றியத்திலும் பெண்களுக்கென்று ஒரு பெண் பயிற்சியாளர் வேண்டும். உள்ளூர் இளைஞர்கள் பயிற்சியாளர் சான்றிதழ் வாங்க விழுப்புரத்திலும் திருவண்ணாமலையிலும் வகுப்பு நடத்த வேண்டும். மூன்று சதவீத ஒதுக்கீட்டில் வேலைக்கு வந்தவர்கள், ஆண்டில் சில வாரங்கள் தங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கப் பணிவிடுப்போடு அனுப்பப்பட வேண்டும். இந்துமதி மாதிரி ஓர் அக்கா சீருடையில் வந்து, பிறகு ஜெர்சி மாற்றிக்கொண்டு பந்தைத் தட்டினால், திண்ணைக் கேள்விக்கு அதைவிடப் பதில் வேண்டாம்.

கரையில் நிற்கிறவர்கள்

பணம் ஒரு பாதி. கண் மறு பாதி.

2018 ஜூன் முதல் நாள், மும்பையில் இந்தியா சீனத் தைபேயை 5-0 என்று வென்றது. சுனில் சேத்ரி மூன்று கோல் அடித்தார். பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். மறுநாள் அவர் ஒரு வீடியோவில் கைகூப்பாத குறையாகக் கேட்டுக்கொண்டார்: திட்டுவதானாலும் மைதானத்துக்கு வந்து திட்டுங்கள். கென்யாவுடனான அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் முழுவதும் விற்றுப்போனது. நாட்டின் கேப்டன் வாய்விட்டுக் கேட்டதால் வந்த கூட்டம் அது. ஏரியில் ஆடும் பிள்ளை யாரிடம் போய்க் கேட்கும்?

2025 ஜூலையில் ஒப்பந்தச் சிக்கலால் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) தொடர் நிறுத்திவைக்கப்பட்டபோது, இந்தியா முழுவதும் ஆட்டக்காரர்களின் பிழைப்பு ஊசலாடியது. அக்டோபரில், நம் நாட்டின் ஒரு பெருநகரத்தைவிடச் சிறிய சிங்கப்பூரிடம் தோற்று ஆசியக் கோப்பை வாய்ப்பை ஆண்கள் அணி இழந்தது. உச்சியில் இருக்கும் கூரை ஆடும்போது, நம்பிப் பிடித்துக்கொள்ள அடித்தளம் வேண்டும். ஐந்து ஊர் சேர்ந்து நடத்தும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை எந்த ஒப்பந்தச் சிக்கலும் நிறுத்த முடியாது.

இந்தக் கோடையிலும் சீயமங்கலத்து ஏரி வற்றும். பிள்ளைகள் இறங்குவார்கள். செருப்பை எடுத்துவிட்டு இரண்டு மூங்கிலை நட்டு, குறுக்கே ஒரு கயிறு கட்டிக் கொடுங்கள். மாலை ஐந்து மணிக்கு டீக்கடையிலிருந்து எழுந்து கரைமேல் வந்து நில்லுங்கள். மகள் ஆடினால் அவள் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிடுங்கள். அணி ஐந்து கோல் வாங்கித் தோற்றாலும், இருட்டி அவர்கள் கரையேறி வரும்வரை நின்று, கைதட்டி வீட்டுக்கு அழைத்துப் போங்கள். அடுத்த ஞாயிறும் அவர்கள் ஆட வருவார்கள்.